சம்மர் ரீடிங் பப்ளிசிட்டி உங்க தலையில விழுந்துருச்சா? எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்றேன்

லைப்ரரில புதுசா சேர்ந்திருப்பீங்க, வேலைக்கோ வாலண்டியராவோ, ரெண்டு மாசம் புக்கை அடுக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பீங்க, திடீர்னு ஒரு மீட்டிங்ல "இந்த வருஷம் சம்மர் ரீடிங் பப்ளிசிட்டி நீங்க பாத்துக்கறீங்களா"ன்னு கேட்டு, நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க பேரை எழுதியே முடிச்சிருப்பாங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு. அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்பைத் திறந்து உக்காந்து கலர் கலரா ஒரு போஸ்டர் பண்ணினேன், சூரியன், கண்ணாடி போட்ட ஆமை, எல்லாம் போட்டு. அதுதான் நான் பண்ண முதல் தப்பு. போஸ்டர் இந்த வேலைல கிட்டத்தட்ட கடைசில வர்ற விஷயம்.

நான் எழுதறது அமெரிக்காவுல இருக்கற பப்ளிக் லைப்ரரிகளை வெச்சு, ஏன்னா நான் பாத்தது அதுதான். இங்க இது பழைய பழக்கம், 1890கள்லயே ஆரம்பிச்சிருக்காங்க, லீவுல சும்மா சுத்தற டவுன் பசங்களை லைப்ரரி பக்கம் இழுக்கறதுக்காக. பிரிட்டன்ல இதுக்கு சம்மர் ரீடிங் சேலஞ்ச்னு பேரு, 1999ல ஆரம்பிச்சது, ரீடிங் ஏஜென்சின்னு ஒரு அமைப்பு நாடு முழுக்க நடத்துது. கனடாவுல டிடி சம்மர் ரீடிங் கிளப் இருக்கு, இங்கிலீஷ் ஃப்ரெஞ்ச் ரெண்டுலயும். எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான், ஸ்கூல் லீவுல படிக்கிறதை ஒரு லாக்ல, அதாவது கணக்குச் சீட்டுல, குறிச்சுக்கிட்டே வரணும், ஒரு அளவு தாண்டினா சின்னதா பரிசு, நடுவுல ஸ்டோரி டைம், மேஜிக் ஷோ, கைவேலைன்னு ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கும், எல்லாமே ஃப்ரீ.

முதல்ல ஒரே ஒரு வாக்கியம்

பப்ளிசிட்டின்னா என்னன்னு யாராவது கேட்டா நான் சொல்றது இதுதான்: எட்டு வயசுப் பையன் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட தப்பில்லாம திருப்பிச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம். அது கைல இல்லாம எதையும் பிரிண்ட் பண்ணாதீங்க. உதாரணமா, "ஜூன் ஒண்ணுலேர்ந்து ஜூலை கடைசிக்குள்ள எதை வேணா பத்து மணி நேரம் படிச்சா, ஒரு புக்கு உனக்கே உனக்கு, காசு வேண்டாம்." அவ்ளோதான். எப்போ, என்ன பண்ணணும், என்ன கிடைக்கும், எவ்ளோ செலவு, நாலும் உள்ள வந்துருச்சு.

இதை டெஸ்ட் பண்றது ரொம்ப ஈஸி. கவுண்டர்ல உக்காந்திருக்கற ஒருத்தர்கிட்ட, ப்ரோக்ராம் பத்தி எதுவும் தெரியாத ஆளா பாத்து, ஒரு தடவை சொல்லுங்க. பத்து நிமிஷம் கழிச்சு வந்து "நான் என்ன சொன்னேன்?"னு கேளுங்க. அவங்க திணறினா பிரச்சனை உங்க இங்கிலீஷ்லயோ டிசைன்லயோ இல்ல, ரூல்ஸ்ல இருக்கு. எங்க லைப்ரரில ஒரு வருஷம் ஒரு புக்குக்கு 5 பாயிண்ட், நிகழ்ச்சிக்கு வந்தா 10 பாயிண்ட், ரிவ்யூ எழுதினா 15, பாயிண்டுக்கு ஏத்த மாதிரி பேட்ஜ், பேட்ஜுக்கு ஏத்த மாதிரி லாட்டரி டிக்கெட்னு ஒரு சிஸ்டம் வெச்சிருந்தாங்க, எங்களுக்கே ஒரு சீட்டு பாத்துத்தான் சொல்ல முடிஞ்சுது, அந்த வருஷம் சைன்-அப் பண்ணவங்கள்ல பாதிக்கு மேல திரும்பி வரவே இல்ல. புதுசா வந்தவங்க ரூல்ஸைப் பத்திப் பேசலாமான்னு தயங்குவீங்க. பேசுங்க. "இதை என்னால ஒரு வரில சொல்ல முடியலை"ன்னு சொன்னா யாருக்கும் கோவம் வராது, ஏன்னா அவங்களாலயும் முடியாது.

பிரிட்டன்காரங்க இதுல கில்லாடி. ஆறு புக்கு எடுத்துப் படி. அவ்ளோதான் ரூல், நாலு வயசுலேர்ந்து பதினோரு வயசு வரைக்கும். தீம் வருஷா வருஷம் மாறும், 2019ல விண்வெளி, 2022ல அறிவியல், 2023ல விளையாட்டுன்னு, ஆனா பெரும்பாலான இடத்துல அந்த "ஆறு" ஒட்டிக்கிட்டே இருக்கு. அக்கா போன வருஷம் பண்ணியிருந்தா தம்பிக்கு புதுசா விளக்கவே வேண்டாம்.

புக்கு எண்ணிக்கையா நிமிஷக் கணக்கான்னு ஒரு பழைய சண்டை உண்டு. என் ஓட்டு நிமிஷத்துக்கு. மெதுவா படிக்கிற குழந்தை ஒரு தடி புக்கோட மூணு வாரம் மல்லுக்கட்டும், பக்கத்து வீட்டுப் பையன் படக்கதையா பாத்து ஒரே நாள்ல பத்து முடிச்சிருவான், எண்ணிக்கை வெச்சா யாருக்கு அதிகமா ஊக்கம் வேணுமோ அவங்கதான் மனசு விட்டுப் போவாங்க. உங்க லைப்ரரி எதை வெச்சிருந்தாலும் சரி, என்னென்ன "படிச்சதா" கணக்குல வரும்னு தெளிவா கேட்டு வாங்கிக்கோங்க. ஆடியோ புக், காமிக்ஸ், பெரியவங்க படிச்சுக் காட்டறது, ஒரே புக்கைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது, வேற மொழில படிக்கிறது. பல இடத்துல இது எல்லாமே செல்லும், ஆனா ஃப்ளையர்ல ஒரு இடத்துலயும் போட்டிருக்க மாட்டாங்க. வீட்ல வேற மொழி பேசற குடும்பத்துக்கு "எந்த மொழில படிச்சாலும் சரி"ங்கற நாலு வார்த்தை மத்த மொத்த போஸ்டரை விடப் பெருசு.

தீம் வேற, செய்தி வேற

புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டிக்கற இடம் இது. அமெரிக்காவுல நிறைய மாநில லைப்ரரிகள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தீம் எடுப்பாங்க. கொலாபரேட்டிவ் சம்மர் லைப்ரரி ப்ரோக்ராம்னு ஒரு கூட்டமைப்பு, 1987ல மினசோட்டாவுல பத்து வட்டார லைப்ரரி அமைப்புகள் செலவைப் பகிர்ந்துக்கலாம்னு சேர்ந்து ஆரம்பிச்சது, இப்போ நாடு முழுக்க பரவியிருக்கு. 2022ல "ஓஷன்ஸ் ஆஃப் பாஸிபிலிடீஸ்", 2023ல "ஆல் டுகெதர் நவ்", 2024ல "அட்வென்ச்சர் பிகின்ஸ் அட் யுவர் லைப்ரரி", 2025ல "கலர் அவர் வேர்ல்ட்". இல்லினாய்ஸ் லைப்ரரி அசோசியேஷன் ஐரீட்னு தனியா ஒண்ணு நடத்துது, அதையும் பல மாநிலங்கள் எடுத்துக்கறாங்க. உங்க லைப்ரரி இதுல ஏதாவது ஒண்ணுல இருந்தா போஸ்டர், புக்மார்க், லாக் ஷீட்டுக்கான படமெல்லாம் ரெடியா கிடைக்கும், மாநில லைப்ரரில கேளுங்க, நீங்களா ஆமை வரையத் தேவையில்ல.

ஆனா தீம் பேரை மட்டும் பெருசாப் போட்டு, ஓரத்துல லைப்ரரி லோகோவும் வெச்சா அது என்னன்னே வெளியாளுக்குப் புரியாது. கடல் படம் போட்ட போஸ்டரைப் பாத்துட்டு ஒருத்தர் என்கிட்ட "நீச்சல் வகுப்பா?"னு கேட்டிருக்காரு, நிஜமா. நீங்க எழுதின அந்த ஒரு வாக்கியம் பெருசா, தீம் அதுக்குக் கீழ சின்னதா. தீம் ஒதுக்கி வைக்கற விஷயமில்ல, நிகழ்ச்சிகளுக்கும் டிஸ்ப்ளேவுக்கும் நல்லா உதவும். ஆனா "எதுக்கு வரணும்"ங்கற கேள்விக்கு அதுகிட்ட பதில் இல்ல.

காலண்டரைப் பின்னாடிலேர்ந்து போடுங்க

எல்லாரும் கிக்-ஆஃப், அதாவது ப்ரோக்ராம் ஆரம்பிக்கற தேதியை வெச்சு வேலையைத் திட்டம் போடுவாங்க. வேண்டாம். உங்க பகுதி ஸ்கூல்களோட கடைசி வேலை நாள் எதுன்னு பாருங்க, அதுதான் உங்க கெடு. தெற்கு மாநிலங்கள்ல மே கடைசிலயே மூடிருவாங்க, நியூயார்க் பக்கமெல்லாம் ஜூன் கடைசி வரைக்கும் ஓடும், ஒரே லைப்ரரிக்குப் பக்கத்துலயே ரெண்டு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதி ஸ்கூல்களை நிர்வாகம் பண்ற அமைப்பு) வேற வேற தேதில மூடும். அந்த நாளுக்கு அப்புறம் பசங்க எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்து நீங்க சொல்றதைக் கேக்கற வாய்ப்பு ஸ்கூல் திரும்பத் திறக்கற வரைக்கும் கிடையாது.

அதுலேர்ந்து பின்னாடி எண்ணுங்க. கடைசி ரெண்டு வாரம் ஸ்கூல்ல நடக்கற எதுவும் யார் மண்டைலயும் ஏறாது, பரீட்சை, பிக்னிக், ஆண்டு விழா. அதனால வகுப்புக்குப் போற வேலை அதுக்கு முந்தின ரெண்டு மூணு வாரத்துல முடியணும். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது ஸ்கூல்ல தேதி வாங்கணும். ஃப்ளையருக்கு டிஸ்ட்ரிக்ட் ஆஃபீஸ்ல அனுமதி வாங்கணும், அது சில இடத்துல ரெண்டு நாள், சில இடத்துல மூணு வாரம். பல டிஸ்ட்ரிக்ட்ல "இது பள்ளி நடத்தும் நிகழ்ச்சி இல்லை"ங்கற மாதிரி ஒரு வரி ஃப்ளையர்ல இருந்தே ஆகணும்பாங்க, இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க, சில இடத்துல பேப்பரே வாங்க மாட்டாங்க, பீச்ஜார் மாதிரி ஆன்லைன் சர்வீஸ்ல ஏத்தினாத்தான் பெற்றோருக்கு ஈமெயில்ல போகும். இதெல்லாம் கூட்டிப் பாத்தா மார்ச்லயே தேதியும் பரிசும் முடிவாகியிருக்கணும். நான் முதல் வருஷம் மே நடுவுல 500 ஃப்ளையரைத் தூக்கிட்டு போய் ஒரு ஸ்கூல் ஆஃபீஸ்ல நின்னேன், அந்த அம்மா ரொம்ப அன்பா சிரிச்சு, அனுமதிக்கு எங்க அனுப்பணும்னு ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. அனுமதி வந்தப்போ ஸ்கூல் பூட்டியிருந்துச்சு. அந்த 500ல பாதி அடுத்த ரெண்டு வருஷம் எங்களுக்கு கணக்குப் போடற பேப்பராச்சு.

ஸ்கூல் விசிட், இதுக்குத்தான் உங்க நேரத்துல பாதி போகணும்

லைப்ரரிக்குள்ள ஒட்டற போஸ்டரை லைப்ரரிக்கு வர்றவங்கதான் பாப்பாங்க. லைப்ரரியோட ஃபேஸ்புக் பக்கத்தை ஏற்கனவே லைப்ரரியைப் பிடிச்சவங்கதான் ஃபாலோ பண்றாங்க. அவங்க எப்படியும் வந்துருவாங்க, சொல்லலேன்னாலும் வந்து "எப்போ ஆரம்பிக்குது"ன்னு கேப்பாங்க. நீங்க வேலை செய்யறது வராத குழந்தைக்காக, அந்தக் குழந்தை கட்டாயம் இருக்கற ஒரே இடம் ஸ்கூல்.

யார்கிட்ட பேசணும்? ஸ்கூல்ல லைப்ரேரியன் இருந்தா முதல்ல அவங்க, அவங்களுக்கு இதுல பாதி வேலையை நீங்க சொல்லாமலே செய்யத் தோணும். இல்லேன்னா ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் (படிக்கத் திணறற பசங்களுக்கு உதவற டீச்சர்), அதுவும் இல்லேன்னா ஆஃபீஸ் செக்ரட்டரி. பிரின்சிபாலுக்கு நீளமா ஈமெயில் எழுதறதை விட செக்ரட்டரிக்கு ஒரு ஃபோன் போட்டா வேலை நடக்கும், இது எல்லா ஸ்கூலுக்கும் பொருந்தும்னு நான் அடிச்சுச் சொல்வேன். கேக்கறப்போ சின்னதா கேளுங்க: "ஒவ்வொரு வகுப்புக்கும் அஞ்சு நிமிஷம், இல்லேன்னா லஞ்ச் டைம்ல ஒரு மேஜை." அரை மணி நேரம் கேட்டா யாராலயும் தர முடியாது.

உள்ள போனதும் என்ன பேசறது? நான் வெச்சிருக்கறது கிட்டத்தட்ட இதுதான், அப்படியே எடுத்துக்கலாம்:

"ஹாய், நான் லைப்ரரிலேர்ந்து வர்றேன். லீவுல காமிக்ஸ் படிச்சா யாராவது பரிசு கொடுப்பாங்களா? (கத்துவாங்க, விடுங்க.) நாங்க கொடுப்போம். பத்து மணி நேரம் படிக்கணும், லீவு முழுக்க சேர்த்து பத்து மணி நேரம், ஒரு நாளைக்கு பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும். யாராவது படிச்சுக் காட்டினாலும் கணக்கு, நாய்க்குட்டிக்கு நீங்க படிச்சுக் காட்டினாலும் கணக்கு. முடிச்சா இந்த மாதிரி ஒரு புக்கை நீங்களே செலக்ட் பண்ணி வீட்டுக்குக் கொண்டு போகலாம், திருப்பித் தரவே வேண்டாம். இப்போ நான் ஒரு பக்கம் படிக்கிறேன், கேளுங்க."

அப்புறம் நிஜமாவே ஒரு பக்கம் படிங்க, சிரிப்பு வர்ற பக்கமா, கதை சூடு பிடிக்கிற இடத்துல டப்புன்னு மூடிருங்க. "மிச்சம் லைப்ரரில இருக்கு." இது மலிவான தந்திரம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் வேலை செய்யுது. படிக்கிறதால என்ன நல்லதுன்னு பிரசங்கம் வேண்டவே வேண்டாம், அதை அவங்க வருஷம் முழுக்க கேட்டாச்சு.

கிளம்பறப்போ கைல ஏதாவது கொடுங்க, ஆனா பெரிய காகிதம் வேண்டாம், பை அடில கசங்கிரும். புக்மார்க் மாதிரி கெட்டி அட்டை, முன்னாடி அந்த வாக்கியம், பின்னாடி நிமிஷத்தைக் குறிக்க கட்டங்கள். விளம்பரமும் லாகும் ஒரே பொருள். இன்னும் ஒரு படி மேல போகணும்னா டீச்சர்கிட்ட கேட்டு அங்கயே முதல் பதினஞ்சு நிமிஷத்தைக் குறிக்க வெச்சிருங்க, நீங்க படிச்சுக் காட்டினதே அதுல சேர்த்தி. ஆரம்பிச்ச ஷீட்டைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது.

டீனேஜ் பசங்களுக்கு இது எதுவும் எடுபடாது, நீங்க நாய்க்குட்டி ஜோக் அடிச்சா பரிதாபமா பாப்பாங்க. அவங்களுக்கு வாலண்டியர் மணிநேரம்தான் பெரிய ஈர்ப்பு, நிறைய ஹைஸ்கூல்ல சேவை மணிநேரம் காட்டணும். அவங்களைக் கூப்பிட்டு கவுண்டர்ல லாக் சரிபாக்கற வேலையைக் கொடுங்க, இன்ஸ்டா வீடியோவை அவங்களையே எடுக்கச் சொல்லுங்க. நாம டீன் மாதிரி பேச முயற்சி பண்ற வீடியோவை விட எதுவும் மேல்.

அம்மா அப்பா ஏன் கூட்டிட்டு வர மாட்டேங்கறாங்க

குழந்தைக்கு ஆசை வந்தாலும் வண்டி ஓட்டறது பெரியவங்க. சோஷியல் மீடியா அவங்களுக்குத்தான், பெரும்பாலான ஆப்ல 13 வயசுக்குக் கீழ கணக்கே வெச்சுக்கக் கூடாது, அதனால இன்ஸ்டாகிராம் போஸ்ட்ல "ஹே கிட்ஸ்!"னு ஆரம்பிக்காதீங்க, அங்க கிட்ஸ் கிடையாது, களைச்சுப் போன பெற்றோர் ராத்திரி பத்து மணிக்கு ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்காங்க. "லீவுல குழந்தைங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியலையா, ஏசி ரூம், ஃப்ரீ, செவ்வாய்க்கிழமை பத்து மணி"ன்னு எழுதினா அவங்க விரல் நிக்கும்.

வராததுக்குப் பின்னாடி பயம் நிறைய உண்டு. பழைய ஃபைன் பாக்கி இருக்குமோ, கார்டு வேணுமோ, அட்ரஸ் ப்ரூஃப் கேப்பாங்களோ, குழந்தை சத்தம் போட்டா முறைப்பாங்களோ. ஃபைன் விஷயத்துல நிறைய லைப்ரரி மாறிருச்சு, சிகாகோ பப்ளிக் லைப்ரரி 2019 அக்டோபர்ல லேட் ஃபைனை எடுத்துட்டாங்க, நியூயார்க்ல 2021ல எடுத்தாங்க, ஆனா பத்து வருஷம் முன்னாடி பாக்கி வெச்சுட்டு வராம நின்னவங்களுக்கு இது தெரியாது. உங்க லைப்ரரிலயும் ஃபைன் இல்லேன்னா அதை ஃப்ளையர்ல போடுங்க. சம்மர் ரீடிங்ல சேர கார்டு தேவையில்லேன்னா அதையும் போடுங்க. பயத்துக்குப் பதில் சொல்ற வரி ஒண்ணு, பலூன் படம் பத்துக்குச் சமம்.

ஸ்கூலுக்கு வெளிய எங்கெல்லாம் வைக்கலாம்னா, ஜனங்க காத்துக்கிட்டு உக்காந்திருக்கற இடமா பாருங்க. குழந்தை டாக்டர் கிளினிக், துணி துவைக்கற லாண்ட்ரோமேட், பஸ் ஸ்டாப், பார்க் டிபார்ட்மெண்ட் ஆஃபீஸ், அபார்ட்மெண்ட் லாபி. அமெரிக்க விவசாயத் துறையோட கோடைகால உணவுத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் பசங்களுக்கு ஃப்ரீ சாப்பாடு கொடுக்கற இடங்கள் இருக்கு, சில லைப்ரரியே அப்படி ஒரு இடமா இருக்கும், இல்லேன்னாலும் பக்கத்துல எங்க கொடுக்கறாங்கன்னு பாத்து வாரம் ஒரு தடவை ஒரு மேஜை போட்டு அங்கயே சைன்-அப் பண்ண வையுங்க. போஸ்டரை ஒட்டிட்டு ஓடி வர்றதை விட அங்க ஒரு மணி நேரம் நின்னு பேசறது எத்தனையோ மடங்கு மேல், ஒரு நாளைக்கு இருபது குடும்பம் முகம் பாத்து சேருவாங்க.

இப்போ போஸ்டர் பண்ணலாம்

கேன்வா மாதிரி ஏதாவது ஒரு ஆன்லைன் டிசைன் டூல் போதும். டிசைனைப் பத்தி நான் சொல்ல வேண்டியது கம்மி. ரெண்டு ஃபாண்டுக்கு மேல வேண்டாம், வெளிர் மஞ்சள் மேல வெள்ளை எழுத்து வேண்டாம், ஸ்கூல்ல கறுப்பு வெள்ளை மெஷின்லதான் காப்பி எடுப்பாங்க அதனால ஒரு தடவை கறுப்பு வெள்ளைல பிரிண்ட் எடுத்து படிக்க முடியுதான்னு பாருங்க. ஆன்லைன்ல போடறப்போ தேதி நேரத்தை படத்துக்குள்ள மட்டும் வெச்சிராதீங்க, பார்வை இல்லாதவங்களோட ஸ்க்ரீன் ரீடருக்கு அது தெரியாது, கீழ எழுத்தாவும் அடிங்க.

க்யூஆர் கோடு வைங்க, ஆனா பிரிண்ட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்த பேப்பர்லேர்ந்தே ரெண்டு ஃபோன்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க. எங்க கோடு ஒரு வருஷம் முழுக்க போன வருஷப் பக்கத்துக்குப் போச்சு, "ப்ரோக்ராம் முடிந்தது, நன்றி"ன்னு வந்துச்சு, ஜூன் மூணாவது வாரம்தான் ஒரு தாத்தா கவுண்டர்ல வந்து சொன்னாரு. கோடு பக்கத்துலயே "ஃபோன் இல்லேன்னா நேர்ல வாங்க"ன்னு ஒரு வரி. பீன்ஸ்டேக், ரீட்ஸ்குவேர்டு மாதிரி ஆப்ல லாக் பண்ற லைப்ரரியா இருந்தாலும் பேப்பர் லாகும் கொடுக்கறீங்கன்னு சொல்லுங்க, ஆப் டவுன்லோடு பண்ணி பாஸ்வேர்டு வெச்சு ஈமெயிலை வெரிஃபை பண்ணி முடிக்கறதுக்குள்ள குழந்தை வேற விளையாட்டுக்குப் போயிருக்கும்.

மொழிபெயர்ப்பை மெஷின்ல போட்டு அப்படியே பிரிண்ட் பண்ணாதீங்க. அந்த மொழி பேசற ஒருத்தர் கண்ணுல படட்டும், கவுண்டர்ல, வாலண்டியர்ல யாராவது இருப்பாங்க. சினிமா கார்ட்டூன் கேரக்டரை எடுத்துப் போடாதீங்க, காப்பிரைட் பிரச்சனை, லைப்ரரின்னா விட்டுருவாங்கன்னு நினைக்காதீங்க. படம் போட்டுக் காட்டற நிகழ்ச்சி வெச்சிருந்தா அதுக்கு பொது இடத்துல காட்டற லைசென்ஸ் இருக்கான்னும், அந்த லைசென்ஸ் வெளிய படத்தோட பேரைப் போட்டு விளம்பரம் பண்ண விடுதான்னும் கேட்டுக்கோங்க, பல லைசென்ஸ் விடாது. குழந்தைங்க ஃபோட்டோவுக்கு பெற்றோர் கையெழுத்து வாங்கணும். முதுகுப் பக்கம் எடுத்த ஃபோட்டோ, புக்கால முகத்தை மறைச்ச ஃபோட்டோ, இதெல்லாம் பாதுகாப்பும், பாக்கவும் அழகு.

அப்புறம் ஒண்ணு, பயமுறுத்தற புள்ளிவிவரம் போட ஆசை வரும். "லீவுல படிக்கலேன்னா உங்க குழந்தை இத்தனை மாசம் பின்தங்கிரும்"னு. வேண்டாம். 1996ல ஹாரிஸ் கூப்பர்ங்கற ஆய்வாளரோட குழு பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்து, சராசரியா ஒரு மாசப் படிப்பு அளவுக்கு லீவுல சறுக்கறாங்கன்னு சொன்னாங்க, எல்லாரும் அதையே சொல்லிட்டு இருந்தோம், 2019ல பால் வான் ஹிப்பல்னு ஒரு ஆய்வாளர் இதே விஷயத்தைப் புது டெஸ்ட்களை வெச்சுப் பாத்தா முடிவு அவ்ளோ உறுதியா நிக்கலேன்னு எழுதினாரு. ஆராய்ச்சியாளர்களே சண்டை போடற விஷயத்தை புக்மார்க்ல போட்டு ஒரு அம்மாவை பயமுறுத்தறது எனக்குச் சரியா படலை. எனக்குப் பிடிச்ச ஆய்வு வேற, ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் குழுவாப் பண்ணி 2010ல வந்தது, வசதி குறைஞ்ச பசங்களுக்கு தொடர்ந்து மூணு லீவுக்கு, வருஷத்துக்கு 12 புக்கு, அவங்களே தேர்ந்தெடுத்ததை சும்மா கொடுத்தாங்க, கிடைக்காத பசங்களை விட இவங்க ரீடிங் ஸ்கோர் மேல இருந்துச்சு. அதுல "அவங்களே தேர்ந்தெடுத்தது"ங்கறதுதான் விஷயம். பரிசா பிளாஸ்டிக் யோயோ வாங்கற காசை புக்குக்குத் திருப்புங்க, லைப்ரரிக்காக நிதி திரட்டற ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி லைப்ரரி குழு இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, "நீயே எடுத்துக்கோ"ன்னு விளம்பரத்துல போடுங்க.

உள்ளாட்களை மறந்துராதீங்க

கவுண்டர், செக்யூரிட்டி, பார்ட் டைம் பசங்க, எல்லார் கைலயும் ஒரு அரைப்பக்கச் சீட்டு. அந்த வாக்கியம், தேதி, எங்க சைன்-அப், நாலு அடிக்கடி வர்ற கேள்வி. புக்கை செக் அவுட் பண்றப்போ "சம்மர் ரீடிங்ல சேர்ந்துட்டீங்களா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும். இது காசில்லாத விளம்பரம், ஆனா யாரும் செய்யச் சொல்ல மாட்டாங்க, நீங்க சொல்லுங்க.

ஜூலை நடுவுல ரெண்டாவது ரவுண்டு

கிக்-ஆஃப் முடிஞ்சதும் எல்லாரும் அப்பாடான்னு உக்காந்துருவாங்க. மூணு நாலு வாரத்துல லாக் ஷீட் ஃப்ரிட்ஜ் மேல தூசி பிடிச்சிருக்கும். அப்போ ஒரு சின்ன அலை வேணும். சேர்ந்தவங்களுக்கு ஒரு ஈமெயில், திட்டற தொனி இல்லாம: "ஷீட் தொலைஞ்சிருச்சா? புதுசு தர்றோம். எத்தனை படிச்சீங்கன்னு ஞாபகம் இல்லையா? தோராயமா போடுங்க, நாங்க நம்பறோம்." இந்த ஈமெயிலுக்கு அப்புறம் திரும்பி வர்ற கூட்டத்தைப் பாத்து நான் அசந்திருக்கேன், பாதிப் பேர் விட்டதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்ல, ஷீட் தொலைஞ்ச வெக்கம். சேராதவங்களுக்கு "இன்னும் நாள் இருக்கு, இன்னிக்கு ஆரம்பிச்சாலும் முடிக்கலாம்", அதையும் போஸ்டர்ல ஒரு ஸ்டிக்கரா ஒட்டிருங்க.

முடிஞ்சப்புறம் எண்ண வேண்டியது

லைக் எத்தனைன்னு யாராவது கேட்டா சொல்லிட்டுப் போங்க, ஆனா நீங்க குறிச்சு வைக்க வேண்டியது மூணு: எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க. மூணாவதுக்கு சைன்-அப் ஃபாரத்துலயே ஒரு கட்டம் வெச்சிருங்க, டீச்சர், ஃப்ரெண்ட், கவுண்டர், ஃப்ளையர், ஃபேஸ்புக்னு. கூடவே எந்த ஸ்கூல்னு ஒரு கட்டம். எங்க கணக்குல நாங்க நேர்ல போன ஸ்கூலுக்கும் ஃப்ளையர் மட்டும் அனுப்பின ஸ்கூலுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பாத்தப்புறம்தான் மேனேஜர் எனக்கு வெளிய போக நேரம் ஒதுக்கினாரு, நான் வாயால எத்தனை தடவை சொல்லியும் நடக்காதது.

ஸ்கூல் திறந்த முதல் மாசத்துல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு சின்ன கார்டு அனுப்புங்க, உங்க ஸ்கூல்லேர்ந்து இத்தனை குழந்தைங்க முடிச்சாங்கன்னு, பேர் போடாம எண்ணிக்கை மட்டும், செக்ரட்டரிக்கும் ஒரு காப்பி. அப்படியே கீழ, "ஏப்ரல்ல திரும்பவும் அஞ்சு நிமிஷம் கேட்டு ஃபோன் பண்ணுவேன்"னு எழுதிருங்க.